மலையேறும் பழைய வான் வண்டி வலுவிழப்பது ஏன்?

அட்டனிலிருந்து கொட்டகலை வழியாகத் தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் செல்லும் பெருந்தெருவிலே காலை வேளையில் நின்று நோக்குவார்க்கு ஒரு காட்சி தவறாது புலப்படும். பாடசாலைப் பிள்ளைகளையோ, சந்தைக்குச் செல்லும் தோட்ட மக்களையோ, மரக்கறி மூடைகளையோ சுமந்த பழைய வான் வண்டியொன்று வளைவிலே திரும்பி ஏற்றத்தைத் தொடங்குகின்றது. முதலில் உரத்து ஒலித்த எந்திரம் சிறிது சிறிதாகத் தளர்ந்து, கரும்புகை கக்கி, ஈற்றிலே முதற் கியரில் ஊர்ந்து செல்கின்றது. "வண்டிக்கு இழுவை போய்விட்டது" என்பர் சாரதியர். இழுவை போனமைக்குக் காரணம் யாது என வினவின், டீசற் பம்பு என்பார் ஒருவர்; எந்திரம் தேய்ந்தது என்பார் இன்னொருவர்; மலையேறினால் எல்லா வண்டியும் இப்படித்தான் என்பார் மூன்றாமவர். மூவர் கூற்றிலும் உண்மை சிறிது உண்டு. ஆயின், எந்த வண்டிக்கு எவர் கூற்றுப் பொருந்தும் என்று அறிவதற்கு ஒழுங்கான ஆராய்ச்சி வேண்டும். அவ்வாராய்ச்சியின் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனைச் சிறு பொருள் எனக் கொள்ளலாகாது. இலங்கையில் வாகன இறக்குமதி 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்திலேயே மீளத் திறக்கப்பட்டது. அவ்வைந்தாண்டுக் காலத்திலே புதிய வண்டி வாங்க வழியின்றி, முப்பது நாற்பது ஆண்டு கண்ட வான்களைப் பேணியே பலரும் தொழில் நடத்தினர். மலையகத்திலோ வான் வண்டி வெறும் ஊர்தி மட்டும் அன்று. நள்ளிரவிலே லயத்திலிருந்து கர்ப்பிணிப் பெண்ணை டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதும் பெரும்பாலும் அதுவே. அவ்வண்டி பாதி ஏற்றத்தில் நின்றுவிடின் அதனால் வரும் இடர் பணக்கணக்கில் அடங்காது. மேலும், குற்றம் எங்கே என்று அறியாமல் பம்பையும் எந்திரத்தையும் கழற்றுவித்த உரிமையாளன், பட்ட கடனைத் தீர்க்க மாட்டாமல் வண்டியையே விற்க நேர்தலும் உண்டு.

வலுவும் வேலையும்

வலு என்பது ஒரு செக்கனிலே செய்யப்படும் வேலையின் அளவு. வண்டி தளர்கின்றது என்றால் இரண்டில் ஒன்று நிகழ்ந்திருத்தல் வேண்டும். எந்திரம் தரும் வலு குறைந்திருக்கலாம். அல்லது எந்திரத்தின்பால் கேட்கப்படும் வலு கூடியிருக்கலாம். முதலாவது பழுதாகவும் இருக்கலாம், இயற்கையாகவும் இருக்கலாம். இரண்டாவது பெரும்பாலும் சாய்வினாலும் சுமையினாலும் வருவது. எனவே ஆராய்ச்சியின் முதற்படி, இயற்கையின் பங்கு எவ்வளவு, பழுதின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிதலேயாம். இதனைச் செய்யாது கருவியைக் கையில் எடுப்பவன், நோயில்லாத உறுப்புக்கு மருந்திடும் வைத்தியனை ஒப்பான்.

இயற்கையின் பங்கு: உயரம்

எந்திரத்தினுள்ளே எரிபொருள் எரிதற்கு ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசனைத் தருவது வளி. கடல் மட்டத்திலே வளிமண்டல அமுக்கம் ஏறக்குறைய 1013 மில்லிபார். ஏறத்தாழ 1250 மீற்றர் உயரத்திலுள்ள கொட்டகலைப் பகுதியில் அது 870 மில்லிபார் அளவினதாகக் குறைகின்றது. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே 810 மில்லிபாரை அண்மிக்கின்றது. மலைநாட்டுக் குளிர் வளியைச் சிறிது அடர்த்தியாக்குதலால் இழப்பின் ஒரு பகுதி ஈடுசெய்யப்படும். இரண்டையும் சேர்த்துக் கணிப்பின், கொழும்பில் ஓர் உருளை உள்வாங்கும் வளியின் திணிவிலே கொட்டகலையில் ஏறத்தாழ 11 சதவீதமும் நுவரெலியாவில் ஏறத்தாழ 17 சதவீதமும் குறைகின்றன. நூறு மீற்றர் உயரத்துக்கு நூற்றிலொரு பங்கு வலு குறையும் என்று சாரதியர் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அழுத்தூதி இல்லாத பழைய எந்திரங்கள் யாவற்றுக்கும் இவ்விதி பொருந்தும். புத்தம் புதிதாயினும் இவ்விழப்பினின்று தப்பாது.

ஆகவே கொழும்பிலே நன்றாக ஓடிய வான் கொட்டகலையிலே சிறிது தளர்கின்றது என்றால் அதனைப் பழுது எனல் தவறு. ஆனால், பாதி வலுவை இழந்த வண்டிக்கு உயரத்தைக் காரணங் காட்டுதலும் தவறே. உயரம் கொள்ளும் பங்கு பத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை மாத்திரமே. அதற்கு மேற்பட்ட இழப்புக்கு வேறு காரணம் தேடல் வேண்டும்.

இயற்கையின் பங்கு: சாய்வும் சுமையும்

மலைநாட்டு இரயிற்பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. அதனை அமைத்த பொறியியலாளர் ஏற்றத்தை 44க்கு 1 என்னும் அளவுக்கு மேற்போகாமல் காத்தனர். அதன்பொருட்டு மலையைச் சுற்றியும் குடைந்தும் சென்றனர். அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் அதற்குச் சான்று. தெருவமைத்தோருக்கும் தோட்டப் பாதை வெட்டினோருக்கும் அத்தகைய கட்டுப்பாடு இருக்கவில்லை. 15க்கு 1, சிலவிடத்து 10க்கு 1 எனும் சாய்வுகளைச் சாரதி எதிர்நோக்க வேண்டியவன் ஆகின்றான்.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனைத் தெளியலாம். 2000 கிலோகிராம் நிறையுள்ள வான் ஒன்று 15க்கு 1 என்னும் ஏற்றத்தில் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவதாகக் கொள்வோம். சில்லுகளின் உராய்வையும் பற்சில்லுகளில் அழியும் வலுவையும் சேர்த்துக் கணித்தால், எந்திரம் ஏறக்குறைய 19 கிலோவாற்று வலுவைத் தரல் வேண்டும். அவ்வானிலே ஆறு பேரும் அவர்தம் மூடைகளும் ஏறி நிறை 2400 கிலோகிராம் ஆயின், வேண்டிய வலு ஏறத்தாழ 22½ கிலோவாற்று ஆகின்றது. இனி, 2.4 லீற்றர் கொள்ளளவுள்ள பழைய டீசல் எந்திரம் ஒன்று நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்றும்போது கடல் மட்டத்தில் 24 கிலோவாற்று அளவே தரவல்லது; கொட்டகலையில் அது 21½ ஆகக் குறைகின்றது. எனவே அதே வண்டி, அதே சுமை, அதே சாய்வு. கீழ்நாட்டிலே மேற்கியரில் ஏறும், கொட்டகலையிலே ஏறாது. எந்திரத்திலோ குற்றம் எதுவும் இல்லை.

இதற்குப் பரிகாரமும் எளிது. கியரை ஒருபடி குறைத்தால் அதே வேகத்தில் எந்திரத்தின் சுற்று 2200 அளவுக்கு உயரும். அப்போது அது 30 கிலோவாற்றுக்கு மேல் தரும். வேகம் அழிந்த பின்னர் கியரை மாற்றுகின்ற சாரதி, உள்ள வலுவையும் பயன்படுத்தாது இழக்கின்றான்.

மென்மையான மயிற்பீலியாயினும் அளவு மிகுத்து ஏற்றின் வண்டியின் அச்சு முறியும் என்பதைத் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே காட்டியுள்ளார். வினையின் வலியையும் தன் வலியையும் தூக்கிப் பார்த்துச் செயற்படுக என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. அரசனுக்குக் கூறிய அவ்வறிவுரை சாரதிக்கும் பொருந்தும். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, அலுமாரி என்பனவற்றைப் பொருத்திச் சுற்றுலாவுக்கென மாற்றிய வான்களின் உரிமையாளர் இதனைச் சிறப்பாக உணர்தல் வேண்டும். 1950ஆம் ஆண்டு ஜேர்மனியின் வொல்ஸ்பேர்க்கு நகரிலே உற்பத்தி தொடங்கிய வொல்க்ஸ்வாகன் கொம்பியே அவ்வகை வண்டிகளுட் புகழ் பெற்றது. அதன் முதல் எந்திரம் 1131 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 25 பரிவலுவும் மாத்திரமே உடையது. பின்வந்த எந்திரங்கள் பெரியன எனினும், வீடொன்றைச் சுமந்து மலையேறும் வண்டி விரைந்து ஏறும் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

ஆராய்ச்சியின் ஒழுங்கு

இயற்கையின் பங்கை நீக்கிய பின்னரும் குறை எஞ்சி நிற்பின், பழுது உண்டு என்பது உறுதி. அதனைத் தேடுதற்குச் சிறந்த துணை அளவுக் குறிப்பேயாகும். வழக்கமாகச் செல்லும் தெருவிலே ஓர் ஏற்றத்தைத் தெரிந்தெடுத்து, இன்ன சுமையோடு, இன்ன கியரில், அடியிலிருந்து உச்சிக்கு இவ்வளவு நேரம் என்று வண்டி நலமாயிருக்கும்போதே குறித்து வைத்தல் வேண்டும். ஐயம் எழும்போது அதே ஏற்றத்தில் அதே சுமையோடு மீண்டும் ஏறிப் பார்த்தால், இழுவை குறைந்தது மெய்யோ மனமயக்கமோ என்பது விளங்கிவிடும். ஒரு பகுதியைச் சீர்செய்த பின்னர் ஏறிப் பார்த்தால், அச்சீர் பயன் தந்ததோ இல்லையோ என்பதும் விளங்கும். ஒரு தடவைக்கு ஒரு பகுதியையே மாற்றுதல் வேண்டும். நான்கை ஒருங்கே மாற்றியவன், எது நோய் என்பதை என்றுமே அறியான்.

அன்றியும், செலவில்லாத சோதனைகள் முன்னும் செலவு மிக்கவை பின்னுமாக வருதல் முறை. முதலிலே வேகமிதியை நோக்குக. ஒருவர் மிதியை அடிவரை அழுத்த, மற்றொருவர் எந்திரத்தருகே நின்று பம்பின் அல்லது காபரேற்றரின் நெம்பு முழு எல்லைவரை செல்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். இழைந்து நீண்ட கம்பியும், மிதியின் கீழ் மடிந்து கிடக்கும் கம்பளமும் வலுவின் காற்பங்கைக் கவர்ந்துகொள்ளுதல் உண்டு.

அடுத்து, குறை எந்திரத்திலோ அதன் பின்னுள்ள உறுப்புக்களிலோ என அறிதல் வேண்டும். ஏற்றத்தில் எந்திரத்தின் ஒலி உயர்ந்தும் வண்டியின் வேகம் உயராதிருப்பின், கிளச்சு வழுக்குகின்றது என்க. சமதரையிலே கைப்பிறேக்கை இறுக்கி, மூன்றாங் கியரிலே கிளச்சை மெல்ல விட்டால் நல்ல கிளச்சு எந்திரத்தை நிறுத்திவிடும். வழுக்கும் கிளச்சோ எந்திரத்தை ஓடவிடும். பிறேக்கு முற்றாக விடுபடாது சில்லைப் பற்றிக்கொண்டிருத்தல் மலைநாட்டிலே பெருவழக்கு. சமதரையில் பிறேக்கை அதிகம் பயன்படுத்தாது சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சில்லுகளின் நடுப்பகுதியையும் தொட்டும் தொடாமலும் கையை அணுக்கிப் பார்த்தால், ஒன்று மாத்திரம் வெப்பமாயிருத்தல் குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். இது வலுவிழப்பு மாத்திரம் அன்று. இறக்கத்திலே அப்பிறேக்கே சூடேறிப் பற்றாது போகும். ஆதலின் இக்குற்றத்தை உடனே தீர்த்தல் வேண்டும். டயர்களின் வளியமுக்கத்தையும் இவ்வேளையிலேயே சோதித்தல் நன்று.

வளியும் புகைவழியும்

எந்திரத்திலேதான் குறை என்று தெளிந்தால், வளி, எரிபொருள், தீ, நெருக்கம் என்னும் நான்கையும் முறையே நாடுதல் வேண்டும். வைத்தியன் நோயையும் அதன் காரணத்தையும் அறிந்து, தணிக்கும் வழியை அதன் பின்னரே தேடுதல் வேண்டும் என்று மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த ஒழுங்கும் இத்தகையதே.

சாரதியர் எயார் பில்ற்றர் என வழங்கும் வளிவடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தல் வேண்டும். ஒளி ஊடுருவாதாயின் வளியும் எளிதில் ஊடுருவாது. ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் செப்பனிடாத தோட்டப் பாதைகளிற் புழுதி எழும். பருவமழைக் காலத்திலே அதே புழுதி ஈரம் பட்டுக் களியாகி வடியில் ஒட்டிக்கொள்ளும். உயரத்தினால் பத்தில் ஒரு பங்கு வளியை முன்னரே இழந்த எந்திரத்துக்கு, அடைபட்ட வடியினால் இன்னொரு பங்கையும் இழத்தல் பொறுக்க முடியாததாகின்றது. வடிக்கும் எந்திரத்துக்கும் இடைப்பட்ட றப்பர்க் குழாய் முதுமையால் மெலிந்து, உறிஞ்சும்போது உள்நோக்கி ஒடுங்குதலும் உண்டு. எந்திரம் நிற்கும்போது அக்குழாய் நன்றாகவே தோன்றும். ஒருவர் எந்திரத்தை விரைவாக ஓடவிட மற்றொருவர் நோக்கினாற்றான் குற்றம் வெளிப்படும்.

உட்செல்லும் வழியைப் போலவே வெளிச்செல்லும் வழியும் திறந்திருத்தல் வேண்டும். சைலன்சரின் உட்டகடுகள் துருவேறி விழுந்து அடைத்தலும், டீசற் கரி படிந்து துளை சிறுத்தலும் பழைய வண்டிகளிற் காணப்படுவன. எந்திரம் மெதுவாய் ஓடும்போது குற்றம் தெரியாது, வேகம் கூடுந்தோறும் மூச்சுத் திணறுதல் இதன் குறியாகும்.

எரிபொருளின் வழி

எரிபொருட் குற்றங்களுட் பல ஏற்றத்திலே மாத்திரம் தோன்றுதல் சாரதியரை மயக்குகின்றது. அதன் காரணம் எளிது. சமதரையில் எந்திரத்துக்குச் சிறிதளவு எரிபொருளே போதும். பாதி அடைபட்ட வடியும் அதனைத் தந்துவிடும். ஏற்றத்திலே முழு அளவு வேண்டப்படும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும். ஆகவே டீசல் வடியையும் நீர்பிரிக்கும் கிண்ணத்தையும் முதலில் நோக்குதல் முறை. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது கலன்களிலும் பீப்பாய்களிலும் எரிபொருளைச் சேமித்து ஊற்றும் வழக்கம் பரவியது. நீரும் துருவும் தொட்டியினுட் புகுவதற்கு அஃது எளிய வழியாயிற்று. அவ்வாறு புகுந்தவை தொட்டியின் அடியிலே பல்லாண்டு தங்கியிருத்தல் கூடும். விலை மலிவு கருதி டீசலிலே மண்ணெண்ணெயைக் கலப்போர் இன்னொரு தீங்கைத் தேடிக்கொள்கின்றனர். டீசல் தன் வழுவழுப்பினாலேயே பம்பின் உட்பாகங்களைத் தேயாமற் காக்கின்றது. மண்ணெண்ணெய்க்கு அப்பண்பு குறைவு. கலப்பினால் மிஞ்சிய பணம் பம்பின் பழுதுபார்ப்பிலே பன்மடங்காகச் செலவாகும்.

இரண்டாவதாக, தொட்டியின் மூடியிலுள்ள வளித்துளையை நோக்குக. அது அடைபட்டால் எரிபொருள் குறையுந்தோறும் தொட்டியினுள் வெற்றிடம் உண்டாகி, எரிபொருளைப் பின்னே இழுக்கும். புறப்பட்டுச் சில கிலோமீற்றர் நன்றாய் ஓடிய வண்டி பின்னர்த் தளர்வதும், சிறிது நேரம் நிறுத்தினால் மீண்டும் ஓடுவதும் இதன் இயல்பு. தளர்ந்த வேளையிலே மூடியைத் திறக்கும்போது சீறும் ஓசை எழுந்தால் ஐயம் தீர்ந்தது.

மூன்றாவது குற்றம் மலைநாட்டுக்கே சிறப்பாக உரியது. எந்திரம் முன்னிருக்கையின் கீழும் எரிபொருட்டொட்டி அதன் பின்னேயும் அமைந்த யப்பானிய டீசல் வான்களிலே, வண்டி மூக்கை உயர்த்தி ஏறும்போது பம்பு தொட்டியைவிட மேலும் உயர்கின்றது. பம்பு எரிபொருளை அதிக உயரத்துக்கு உறிஞ்ச வேண்டியதாகின்றது. இடைக்குழாயிலே மயிரிழை போன்ற வெடிப்பு இருப்பின், சமதரையில் ஒன்றும் நேராது; ஏற்றத்திலே அவ்வெடிப்பினூடாக வளி உள்ளே புகும். உறிஞ்சும் குழாயாதலின் வெளியே ஒரு துளி டீசலும் கசியாது. இதனால் வேலைத்தளத்தின் சமதரையிலே நின்று சோதிப்போர் குற்றம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவர். பம்புக்குச் செல்லும் குழாயில் ஒரு சிறு பகுதியைத் தெளிந்த பிளாஸ்திக்குக் குழாயாகத் தற்காலிகமாக மாற்றி, ஏற்றத்திலே நிறுத்தி எந்திரத்தை ஓட்டிப் பார்த்தால் குமிழிகள் புலப்படும். பல நாள் தேடியும் அகப்படாத குற்றம் இச்சோதனையிலே சில நிமிடத்தில் அகப்படுதல் கூடும்.

இவையாவும் நலமாயிருப்பின் மாத்திரமே விசிறிகளையும் பம்பையும் ஐயுறுதல் வேண்டும். தேய்ந்த விசிறி எரிபொருளைப் பனிப்புகைபோல் தூவாமல் துளியாக விடும். துளி முற்றும் எரியாது கரும்புகையாகும். பம்பின் நேரம் பிந்தியிருப்பினும் வலு குறையும். பற்பட்டியினால் ஓடும் எந்திரங்களிலே அப்பட்டி ஒரு பல் தாவியிருப்பினும் இதே விளைவு உண்டாகும். இச்சோதனைகளுக்குத் தனிக் கருவிகள் வேண்டுமாதலின், பயின்றவரிடம் ஒப்படைத்தலே தக்கது.

பெற்றோல் எந்திரத்தின் நிலை

பெற்றோல் எந்திரத்திலே எரிபொருளையும் வளியையும் கலப்பது காபரேற்றர். நிறையளவிலே ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு வளி வேண்டும். கடல் மட்டத்துக்கெனச் செப்பஞ்செய்த காபரேற்றர் மலையிலே வளியின் மெலிவை அறியாது, ஏறக்குறையப் பழைய அளவிலேயே பெற்றோலை விடுகின்றது, கலவை கொழுத்துவிடும். பிளக்கு எனப்படும் தீப்பொறிச் செருகியிலே கரும்படிவு ஏறும். உடலெல்லாம் கரிபடிந்த பிளக்கு கொழுத்த கலவையையும், வெளிறி வெந்த பிளக்கு மெலிந்த கலவையையும் உணர்த்தும். மங்கிய பழுப்பு நிறமே நலத்தின் அறிகுறி. மலைநாட்டிலேயே நிலையாக ஓடும் வண்டிக்குச் சிறிது சிறிய துளையுள்ள செற்றுப் பொருத்துதல் தகும். கீழ்நாட்டுக்கு அடிக்கடி இறங்கும் வண்டிக்கு அவ்வாறு செய்யின், அங்கே கலவை மெலிந்து எந்திரம் வேகும்.

தீயைப் பற்றிய குறைகள் பெரும்பாலும் ஈரத்தினால் வருவன. கொட்டகலைக்கு மேற்கேயுள்ள வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகளில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். மழையினும் மூடுபனி வஞ்சகமானது. அது மூடியினுள்ளும் புகும். மின்பகிர்வு மூடியிலோ தடித்த மின்கம்பிகளிலோ வெடிப்பு இருப்பின், உயர் மின்னழுத்தம் ஈரத்தின் வழியே நிலத்துக்கு ஓடிவிடும். இரவிலே எந்திரத்தை ஓடவிட்டு விளக்கின்றி நோக்கினால் நீலப் பொறிகள் துள்ளுதலைக் காணலாம். தீப்பொறி எழும் நேரம் பிந்தினாலும் வலு குன்றும். தேய்ந்த பொயின்ற்றுக்களே அதற்குப் பெருங்காரணம்.

நெருக்கமும் வெப்பமும்

வளி, எரிபொருள், தீ ஆகிய மூன்றும் செவ்வையாயின், எஞ்சியது உருளையின் நெருக்கம். முசலத்தின் வளையங்களும் வால்வுகளும் தேய்ந்தால் வளி நெருக்கப்படும்போதே கசிந்துவிடும். டீசல் எந்திரம் வளியை 22 பங்கில் ஒன்றாக நெருக்கி, அதனால் எழும் வெப்பத்தாலேயே எரிபொருளைப் பற்றவைக்கின்றது. ஆதலால் குளிர் மிகுந்த மலைநாட்டு விடியலில் ஓடத் தொடங்க மறுத்தல் நெருக்கக் குறைவுக்கு முதற்சாட்சியாகும். நெருக்கமானியால் ஒவ்வோர் உருளையையும் அளந்து, தயாரித்தோரின் கைநூலிற் கண்ட அளவோடும் ஒன்றோடொன்றும் ஒப்பிடுதல் வேண்டும். நான்கும் ஒருபடித்தாய்க் குறைந்திருப்பின் முதுமை. ஒன்று மாத்திரம் குறைந்திருப்பின் அவ்வுருளைக்கே உரிய குற்றம். வால்வின் இடைவெளியைச் செப்பஞ்செய்தலாலேயே தீரும் குறைக்காக எந்திரம் முழுவதையும் பிரிப்பித்தோர் பலர்.

வெப்பமும் வலுவோடு தொடர்புடையது. உயரம் கூடுந்தோறும் நீர் குறைந்த வெப்பநிலையிலே கொதிக்கும். கொட்டகலையில் ஏறக்குறைய 96 பாகையிலும் நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலும் கொதிக்கும். றேடியேற்றர் மூடி அமுக்கத்தைக் காத்து இக்குறையை நீக்குகின்றது. அம்மூடியின் றப்பர் தேய்ந்தால் மலையிலே நீர் எளிதிற் கொதித்து வழியும். சிறுவிலைப் பொருளாகிய மூடி ஒன்றினால் பெருவிலையான உருளைத்தலை வெடித்தலும் உண்டு. வளியினாற் குளிரூட்டப்படும் கொம்பி போன்ற எந்திரங்களிலே விசிறி எந்திரத்தின் சுற்றோடு சுழல்வது. மேற்கியரில் முக்கி முனகி ஏறும்போது விசிறி மெதுவாகவும் வெப்பம் மிகுதியாகவும் இருக்கும். தாழ்ந்த கியரிலே எந்திரத்தை விரைவாக ஓடவிடுதலே அதற்கு நலம்.

புகையின் மொழி

எந்திரம் தன் நோயைப் புகையினால் உரைக்கின்றது. கரும்புகை எரிபொருள் மிகுதியையோ வளிக் குறைவையோ காட்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். வளையங்களோ வால்வு வழிகாட்டிகளோ தேய்ந்தன என்று கொள்ளலாம். வெண்புகை குளிர்ந்த காலையிலே சிறிது நேரம் தோன்றி மறையின் நீராவியேயாகும். மறையாது நிற்பின் எரியாத டீசலையோ உருளைக்குட் கசியும் நீரையோ குறிக்கும். றேடியேற்றர் நீரும் அடிக்கடி குறையுமாயின் பின்னதே காரணம் எனலாம்.

தகாத பரிகாரங்கள்

இழுவை குறைந்த வண்டிக்குப் பலர் செய்யும் பரிகாரம், பம்பின் அளவுத் திருகை முறுக்கி எரிபொருளைக் கூட்டுதலாகும். மலையிலே குறைவது வளியேயன்றி எரிபொருள் அன்று. வளி இல்லாதவிடத்து ஊற்றிய டீசல் வலுவாகாது. புகையாகவும் வெப்பமாகவுமே ஆகும். முசலமும் உருளைத்தலையும் வெந்து வெடிக்கும். இலங்கையில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய புகைப் பரிசோதனையிலே அவ்வண்டி தேறாது. சான்றிதழ் இன்றி ஆண்டு வரியுத்தரவுப் பத்திரம் பெறுதலும் இயலாது. வளிவடியை அறவே நீக்கி ஓடுதல் இரண்டாவது தவறு. அன்றைக்குச் சிறிது இழுவை தந்து, புழுதியால் உருளைகளைத் தேய்த்து, எந்திரத்தின் ஆயுளைக் கவரும். கொதிப்புக்கு அஞ்சி வெப்பங் காக்கும் தேர்மோஸ்தற்றைக் கழற்றி எறிதல் மூன்றாவது. குளிர்ந்த மலைநாட்டிலே எந்திரம் தக்க வெப்பத்தை அடையாது, டீசலை வீணாக்கித் தேயும்.

முடிவுரை

மேற்கூறியவற்றை நோக்கின், பழைய வானின் வலுவிழப்பு ஒரு தனி நோயன்று, பல காரணங்களின் கூட்டு என்பது பெறப்படும். உயரம் பத்தில் ஒரு பங்கைக் கொள்ள, சுமை இன்னொரு பங்கைக் கேட்க, வடியின் அழுக்கும் கம்பியின் நெகிழ்வும் எஞ்சியதிலே சிறிது சிறிது கவர்கின்றன. உயரத்தை மாற்றல் யாராலும் இயலாது. சுமையைக் குறைத்தலும் கியரை வேளையறிந்து மாற்றுதலும் சாரதியின் கையிலே உள்ளன. வடியையும் மூடியையும் குழாயையும் கம்பியையும் நோக்குதல் ஒரு நாளின் அரைப்பொழுதிலே முடியும் வேலை. இவற்றைச் செய்த பின்னரே பெருஞ்செலவு பிடிக்கும் பம்பையும் எந்திரத்தையும் தொடுதல் முறையாகும்.

பௌதிகவியலை வகுப்பறையிலே பயிலும் மாணவர், அமுக்கம், அடர்த்தி, வலு, உராய்வு என்பனவற்றைத் தேர்வுக்குரிய சொற்களாக மாத்திரம் கொள்ளாது, தம் ஊர்த் தெருவிலே ஏறும் வண்டியிலும் கண்டுணர்தல் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து நோக்கி, ஏற்றத்தின் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் ஒரு சாரதியிடம் உண்டாயின், மழைபெய்யும் நள்ளிரவிலே லயத்திலிருந்து அழைப்பு வரும்போது அவன் வண்டி வைத்தியசாலை வாசல்வரை செல்லும்.